ஸ்டார் கட்டிய வீடு

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் தோட்டத்திலிருந்து இப்போதுதான் வந்தேன். செருப்பில் ஒட்டிய ஈர மண்ணைக் குச்சியால் சுரண்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சகல ஆத்துமாக்களின் நாளில் எப்போதும் மழை மிரட்டும். இன்றும் மிரட்டியது, வரவில்லை.

பாடகர் குழுவினர் நாங்கள் வழக்கம்போல வேப்பமரத்தடியில் நின்றோம். இந்த வருடம் மரித்தவர்களின் பெயர்களை ஐயர் வாசித்தார். மே மாதம் மாற்றலாகி வந்த குருவானவர். எந்தக் குருவானவர் வந்தாலும் எங்கள் ஊருக்கு அவர் ஐயர்தான். போன டிசம்பர் வெள்ளத்தில் போனவர்கள் முதலில் வந்தார்கள். கீழத்தெரு செல்லத்தாய், அவள் தகப்பனார், பிறகு "ஆசீர்" என்று தொடங்கினார்.

ரத்தினபாய் டீச்சர் எழுந்து நின்றார்.

"அந்தப் பேரு வேண்டாம் ஐயரே."

சத்தமாகச் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்பில் நாங்கள் வரி மாற்றி வாசித்தால் திருத்துவாரே, அந்தக் குரல். ஐயர் அப்பாவைப் பார்த்தார். அப்பா சபை கமிட்டியின் செயலாளர், பெயர்களை எழுதிக் கொடுத்தவர். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஐயர் அடுத்த பெயருக்குப் போனார்.

ஆசீர் டீச்சரின் ஒரே மகன். எங்கள் குழுவின் டெனர், மேல்கட்டை ஆண்குரல். வெள்ளத்தன்று லாரி டியூபில் கயிறு கட்டிக்கொண்டு கீழத்தெருவுக்குப் போய் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தான். கடைசியாகப் போனபோது திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை. இதை இப்படிச் சில வரிகளில் எழுதிவிட முடிகிறது.

அதன்பின் பாடிய பாட்டில், பெண்களின் கீழ்க்கட்டையான ஆல்டோவில், ஒரு குரல் எழும்பவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று பக்கத்தில் நின்ற எமிலி அக்காவிடம் சொன்னேன். "பனி இறங்குதுல்லா, மஞ்சப்பால் குடி" என்றாள்.

நவம்பர் 5

வெள்ளத்தில் நனைந்த புத்தகங்களை, நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறோம். இன்று ஒரு நாவல். முக்கால்வாசி வரை தாள்கள் ஒன்றிலிருந்து ஒன்று விட்டு வந்தன. கதாநாயகன் ரயில் ஏறுகிறான். அதற்குப் பிறகு ஒரே கட்டி. கல்லூரியில் படித்த காலத்தில் இரண்டு முறை வாசித்த கதை. முடிவு ஞாபகம் வரவில்லை.

காலையில் கிளம்பும்போது அம்மா, "மழை வரும் போல இருக்கு, அந்தக் கறுப்புக் குடையை எடுத்துட்டுப் போ. ஆம்பளக் குடைன்னாலும் குடைதான" என்றாள்.

"அது லைப்ரரில யாரோ விட்டுட்டுப் போனதும்மா. கேட்டு வருவாங்க."

"வருஷம் ஒண்ணாகப் போவுது. இனி எவன் வருவான்?"

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்திலிருந்து நனைந்துகொண்டே வந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

கிறிஸ்மஸ் பயிற்சி தொடங்கியது. கீபோர்டு வாசிக்கப் புதிதாகக் கிஃப்ட்சன் வந்திருக்கிறான். தூத்துக்குடியில் படித்துவிட்டு இங்கே வங்கி வேலைக்கு வந்தவன், ஊரில் யாரையும் தெரியாது. தாளத்தைக் கைப்பேசியில் டிக் டிக் என்று ஓடவிட்டுத்தான் வாசிக்கிறான்.

முதலில் எடுத்தது, எங்கள் குழுவை நடத்தும் வேதமாணிக்கம் மாஸ்டர் தானே கட்டிய பாட்டு. குளிரில் உட்கார்ந்திருக்கும் இடையர்களின் பாட்டு. "இன்னும் எத்தனை நேரம் இந்த இருட்டு?" என்று குழு முழுவதும் கேட்கும். டெனர் மட்டும் தனியாக "கிழக்கே பார்" என்று பதில் சொல்லும். அதன்பின் எல்லாரும் சேர்ந்துகொள்வோம். மேல்கட்டையில் இரண்டே சொல், பின்னால் யாரும் தாங்கிப் பிடிக்க மாட்டார்கள்.

இன்று "இருட்டு" வரை வந்து எல்லாரும் நின்றோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு எல்லாரும் ஒன்றாக அடுத்த வரியை எடுத்தோம்.

கிஃப்ட்சன் வாசிப்பதை நிறுத்தினான். "மாஸ்டர், இங்க ஒரு ஓட்டை இருக்கு. ‘இருட்டு’ நாலு எண்ணிக்கை வரணும். எல்லாரும் மூணரையில விட்டுடுறீங்க. அப்புறம் ஒண்ணுமே வரல. ஏன் நிக்கிறீங்க?"

எமிலி அக்காதான் பேசினாள். "தம்பி, நீ ஊருக்குப் புதுசு. முதல்ல டீயைக் குடி."

நவம்பர் 12

பேருந்தில் பின்சீட்டில் யாரோ அந்த இரண்டு சொல்லின் மெட்டைச் சீட்டியடித்தார்கள். திரும்பிப் பார்க்காமல் இறங்கும் வரை உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

அம்மாவும் நானும் கேக்குக்குப் பழங்கள் நறுக்கி ஊறவைத்தோம். கை பிசுபிசுவென்று இருந்தபோது, தப்பிக்க முடியாத நேரம் பார்த்து, அம்மா பேச்சை எடுத்தாள். கோயம்புத்தூர் மாப்பிள்ளை. பொறியாளர். கிறிஸ்மஸ் முடிந்ததும் இருபத்தெட்டாம் தேதி வீட்டோடு வந்து பார்க்கிறார்கள்.

"நல்லா வாசிக்கிற பையனாம். உனக்குத் தோதா இருப்பான்."

"என்ன வாசிப்பாராம்?"

"பேப்பர் வாசிப்பானாம்."

சிரித்துவிட்டேன். அம்மா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஊறுகாய் கொடுக்க டீச்சர் வந்தார். "வாங்க டீச்சர்" என்றேன். அவர் போனதும் அம்மா தொடங்கினாள். "தெருவுல அத்தனை பேரும் ரத்தினபாய் சித்தி, பெரியம்மான்னு முறை வச்சுக் கூப்பிடுதாங்க. அப்பாவும் அவ மாப்பிள்ளையும் அண்ணன் தம்பியா இருந்தவங்க. உனக்கு மட்டும் பெரியம்மான்னு சொல்ல வாய் வலிக்குமா? ஆசீரைக் கூட நீ ஒரு நாளும் அண்ணன்னு கூப்பிட்டதில்ல."

"மூணாம் கிளாஸ்ல டீச்சரா இருந்தாங்க. அதுவே வருது."

ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது. அப்பாவுக்கும் டீச்சரின் மறைந்த கணவருக்கும் பேச்சுக்குத்தான் அண்ணன் தம்பி. ஆனால் எங்கள் தெருவில் பேச்சுதான் முறை. பெரியம்மா என்று ஒரு தடவை வாயில் வந்துவிட்டால் அவர் மகன் அண்ணனாகிவிடுவான்.

நவம்பர் 23, ஞாயிறு

எதிர்பார்த்ததுதான் நடந்தது. ஓட்டையை அடைக்க வேண்டும் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். அவரும் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னார்.

"பாட்டுக்கு ஆள் முக்கியம் இல்ல, இடம் முக்கியம். சுகிர்தா, உனக்கு அந்தக் கட்டை எட்டும். ‘கிழக்கே பார்’ நீ எடு."

"பெண் குரல் அங்க சேருமா மாஸ்டர்?"

"சேர வைப்போம்."

கிஃப்ட்சனுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. மாஸ்டரே சொன்னார். முன்பு அதைப் பாடியவன் எப்போதும் அரை எண்ணிக்கை முந்திவிடுவான். வருடக்கணக்கில் திட்டிப் பார்த்தார். திருந்தவில்லை. கடைசியில், அவனைத் திருத்துவதைவிட ஊரைத் திருத்துவது லேசு என்று, குழு முழுவதையும் அரை எண்ணிக்கை முன்னாலேயே "இருட்டு"வை விட்டுவிடப் பழக்கினார். அவன் வந்து உட்கார இடம் விட்டது போல. இப்போது ஆள் இல்லை. இடம் மட்டும் எங்கள் வாயில் பழகிக் கிடக்கிறது.

"ஒரு ஆளோட தப்புக்காக முப்பது பேரு தாளத்தை மாத்திக்கிட்டாங்களா?" என்றான் கிஃப்ட்சன். கேலியாகச் சொல்லவில்லை.

"அவன் கையைப் பாக்க மாட்டான்ல தம்பி" என்றார் மாஸ்டர். "என் கையைப் பாருடான்னா, உங்க கையில என்ன மாஸ்டர் இருக்கும்பான்."

குழு வளைவாக நிற்கும். டெனர் இடக்கோடியில், ஆல்டோ வலக்கோடியில். அங்கிருந்து பார்த்தால் மாஸ்டர் கைக்கு நேர் பின்னால் என்ன தெரியும் என்பதை யாரும் யோசித்துப் பார்த்ததில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

கிறிஸ்மஸுக்குக் காத்திருக்கும் ஆகமன வாரங்களின் முதல் ஞாயிறு. தெருவெல்லாம் ஸ்டார் ஏறிவிட்டது. அப்பா ஸ்டூலில் ஏறி எங்கள் வாசலில் மஞ்சள் ஸ்டார் கட்டினார். நான் கீழே நின்று வயரைப் பிடித்துக்கொண்டேன். போன வருடம் கட்டியவை எல்லாம் வெள்ளத்தோடு போயின. கரண்டும் இல்லை, வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸும் இல்லை. கிறிஸ்மஸ் என்று ஒன்று வந்ததே யாருக்கும் தெரியாது.

கோயில் சுவரில் வெள்ளம் நின்ற உயரத்தில் பழுப்புக் கோடு இருக்கிறதே, அதன்மேல் அப்பா இரண்டாம் முறை வெள்ளை அடிக்க வைத்திருக்கிறார். ஆராதனையின்போது பார்த்தேன். ஈரம் காயக் காயக் கோடு மேலே வந்துகொண்டிருந்தது.

திரும்பி வரும்போது கோயிலுக்குப் பின்னால் ஒரே கூட்டம். யாரும் எதுவும் செய்யவில்லை, சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரத்தினபாய் டீச்சர் வீட்டு வாசலில் ஸ்டார். சிவப்பு, பெரியது, உள்ளே பல்ப் எரிகிறது.

சாவு விழுந்த வீட்டில் அதற்கு அடுத்து வரும் கிறிஸ்மஸுக்கு ஸ்டார் கட்டுவதில்லை. கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது ஸ்டார் இல்லாத வீட்டைப் பார்த்தால் கிதாரைக் கீழே இறக்கிவிடுவோம். பாடமாட்டோம். பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசித்து, ஜெபித்து, கொடுத்ததை வாங்காமல் வந்துவிடுவோம். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் எந்த வீடும் மீறியதும் இல்லை.

"அப்போ அவன் உசிரோட இருக்கான்னுதான அர்த்தம்?" என்று எமிலி அக்கா காதருகில் கேட்டாள். "இல்ல, புள்ள போன வீட்டுல கொண்டாட்டமா? ரெண்டுல எது?"

எனக்குத் தெரியாது என்றேன். வீட்டுக்கு வந்தும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் கட்டியதைப் பார்த்தவுடன் எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்றது. அதற்குப் பெயர் வைக்க மாட்டேன்.

டிசம்பர் 3

எங்கள் வீட்டு ஹாலில் கமிட்டி. நான் டீ போட்டேன். சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்கும்.

பதினெட்டாம் தேதி வெள்ளத்தில் இறந்தவர்களுக்கு நினைவு ஆராதனை. எல்லாப் பெயரும் அதில் வர வேண்டும் என்கிறார்கள். கேரல் ரவுண்ட்ஸ் எப்போதும் கோயிலுக்குப் பின்னால் உள்ள முதல் வீட்டில், அதாவது டீச்சர் வீட்டில், தொடங்கும். அங்கே பதின்மூன்றாம் தேதி பாடிவிட்டு, ஐந்து நாளில் அதே ஆளுக்கு நினைவு ஆராதனை நடத்துவதா?

"பாடினோம்னா, உன் மகன் இருக்கான்னு நாமளும் சேந்து சொன்ன மாதிரி" என்றார் ஒருவர். "அது அந்த அம்மாவுக்கு நல்லதில்ல. ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் ஏத்துக்கிட்டுத்தான் ஆகணும்."

அப்பா எல்லாரையும் பேசவிட்டார். பிறகு, "ஸ்டார் இருந்தாலும் சரி, சங்கீதமும் ஜெபமும் மட்டும். நான் பொறுப்பு" என்றார். அப்பாவின் குரலில் கடுமை இல்லை. அதனால்தான் யாரும் மறுக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் என்னைக் கூப்பிட்டார். "உனக்கு டீச்சரா இருந்தவங்க. நீ போய்ப் பதமாச் சொல்லிப் பாரு. அவங்களே ஸ்டாரை இறக்கிட்டா நல்லது."

டிசம்பர் 6

போனேன். டீச்சர் முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்குப் பயறு வறுத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்னே, "அப்பா அனுப்பினானா, கமிட்டி அனுப்பிச்சா?" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதான டீச்சர்."

"அதுவும் சரிதான். கரண்டியைப் பிடி, அடிப்பிடிக்காமக் கிண்டு."

கிண்டினேன். சுவரில் ஆசீரின் படம் இல்லை. படம் மாட்டி மாலை போட்டால் ஒரு அர்த்தம், மாட்டாமல் விட்டால் ஒரு அர்த்தம். இரண்டுக்கும் இடமில்லாமல் அந்த வீடு மொட்டையாக இருந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் அவனுடைய மழைக்கோட்டு தொங்குகிறது. அதற்குப் பக்கத்து ஆணி காலி. அங்கே ஒரு குடை தொங்கும்.

"ஊர்ல எல்லாரும் ஒரு மாதிரி நினைக்காங்க டீச்சர்."

"எந்த மாதிரி?"

"நீங்க இன்னும் காத்துக்கிட்டு இருக்கீங்கன்னு."

"நீ என்ன நினைக்க?"

கரண்டி நின்றுவிட்டது. "கிண்டுட்டி, கருகுது" என்றார். எழுந்து ஜன்னலைத் திறந்தார். நேர் எதிரே கோயிலின் பக்கவாட்டு ஜன்னல். இரண்டுக்கும் நடுவில் ஒரு முருங்கைமரம் மட்டும்.

"நீங்க பயிற்சி எடுக்கது பூரா இங்க கேக்கும். ரெண்டு வாரமா அந்த இடத்துல ஒரு பொம்பளக் குரல் வருது. யாரது?"

"நான்தான் டீச்சர்."

"ம்." பயறில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார். "சரியாத்தான் பாடுத. தாளம் தப்பாம."

இத்தனை வருடத்தில் அவர் என்னை இவ்வளவு வலிக்கத் திட்டியதில்லை.

"ஸ்டார்?" என்று வாசலில் நின்று கேட்டேன்.

"இருக்கட்டும். வந்து பாடணும்னு சொல்லு. சங்கீதம் வாசிக்க எனக்கே தெரியும்."

அப்பாவிடம் அதையே சொன்னேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைத் தேய்த்தார்.

டிசம்பர் 8

தூக்கம் வராததால் எழுதுகிறேன். வெள்ளத்துக்கு முந்தின நாள் பயிற்சி முடிந்து மழையில் எல்லாரும் கோயில் வாசலில் ஒதுங்கி நின்றோம். அப்பா வருவார் என்று நான் சொன்னேன். "உங்க அப்பா வர்றதுக்குள்ள ஆறு வந்துரும்" என்று ஆசீர் தன் கறுப்புக் குடையை என் கையில் வைத்துவிட்டு மழைக்கோட்டும் போடாமல் ஓடினான். பாதி தூரம் போய்த் திரும்பி, "கிறிஸ்மஸ் முடியட்டும், பேசுவேன்" என்றான். யாரிடம், என்ன என்று நான் கேட்கவில்லை. மழைச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது.

டிசம்பர் 10

கடைசிப் பயிற்சி. "இருட்டு" முழுதாக நாலு எண்ணிக்கை நின்றது. நான் சரியான இடத்தில் எடுத்தேன். கிஃப்ட்சன் கைப்பேசியின் டிக் டிக்கை அணைத்துவிட்டு, "பெர்ஃபெக்ட் அக்கா" என்றான். மாஸ்டர் தலையாட்டினார். எமிலி அக்கா என் முதுகைத் தட்டினாள். ஓட்டை அடைபட்டுவிட்டது.

எதிர் ஜன்னல் மூடியிருந்தது. பயிற்சியின்போது அது மூடியிருந்து நான் பார்த்ததில்லை.

ஒன்று எழுதிவைக்க வேண்டும். ஆல்டோவுக்கு அடுத்த வரி நீளம், அதனால் நான் எப்போதும் சீக்கிரமே மூச்சை இழுத்துவிடுவேன். "இருட்டு" முடியும் முன்னே. அரை எண்ணிக்கை முன்னே. தோள் கொஞ்சம் ஏறும். எதிரே நின்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

டிசம்பர் 13, சனி

கேரல் ரவுண்ட்ஸ். வெள்ள பயத்தில் இந்த வருடம் சீக்கிரமே கிளம்பி முடிக்கிறோம். ஆறு மணிக்கெல்லாம் கோயிலிலிருந்து கிளம்பினோம். வானம் இன்னும் சாம்பல் வெளிச்சமாக இருந்தது. மாஸ்டரின் மச்சான்தான் கிறிஸ்மஸ் தாத்தா. முகமூடிக்குள்ளிருந்து, "எப்பா, வேர்க்குதுப்பா, முதல் வீட்டுலயே தண்ணி கேளுங்க" என்று புலம்பினார். யாரும் சிரிக்கவில்லை. முதல் வீடு எது என்று எல்லாருக்கும் தெரியும்.

சிவப்பு ஸ்டார் எரிந்துகொண்டிருந்தது. டீச்சர் கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில் வாசலில் நின்றார். பின்னால் மேசையில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும். அப்பா முன்னால் போய்ப் பைபிளைத் திறந்தார். பக்கத்தில் ரிப்பன் வைத்து அடையாளம் பண்ணியிருந்தார்.

"அருமைநாயகம், அதை மூடு" என்றார் டீச்சர். "ஸ்டார் கட்டின வாசல்ல நின்னு சங்கீதமா வாசிப்ப?"

"மதினி, நம்ம சபை வழக்கம்..."

"வழக்கம் எனக்கும் தெரியும். ஸ்டார் இல்லன்னா ஜெபம், இருந்தா பாட்டு. இருக்குல்லா? பாடச் சொல்லு."

அப்பாவின் விரல் ரிப்பனிலேயே இருந்தது. "மனசு கேக்கல மதினி. நாங்க பாடிட்டு, நீங்க உள்ள போய்த் தனியா..."

"நான் தனியா இருக்கது பாட்டாலயா?"

ஐயர்தான் முதலில் அசைந்தார். கையிலிருந்த ஜெபப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "பாடுங்க மாஸ்டர்."

எந்தப் பாட்டு என்று யாரும் கேட்கவில்லை. கிஃப்ட்சன் கீபோர்டை மடியில் வைத்துத் தொடங்கினான். இடையர்கள், குளிர், கம்பளி. டீச்சர் நிலைக்கதவில் கை வைத்து, தலையைச் சற்றுச் சாய்த்து நின்றார். வகுப்பில் ஒப்புவிக்கக் கேட்கும்போது அப்படித்தான் நிற்பார். அந்த இடம் நெருங்க நெருங்க அவர் முகத்தில் ஏதோ மூடிக்கொண்டு வந்தது. பல் பிடுங்கப்போகிற ஆள் நாற்காலியின் கையைப் பிடிப்பது போல நிலையைப் பிடித்தார்.

இன்னும் எத்தனை நேரம் இந்த இருட்டு?

மாஸ்டரின் விரல் என் பக்கம் திரும்பியது. நான் மூச்சை இழுத்தேன். பழைய இடத்தில். அரை எண்ணிக்கை முன்னே. என் தோள் ஏறியதும் முப்பது வாயும் "இருட்டு"வைச் சட்டென்று விட்டன, பழக்கத்தில்.

நான் பாடவில்லை.

கிஃப்ட்சனின் விரல்கள் கட்டைகளுக்கு மேலே நின்றன. எதுவும் இல்லை. ஸ்டாருக்குள் பல்பின் மெல்லிய இரைச்சல். முருங்கைமரத்தில் ஒரு பறவை இடம் மாறி உட்கார்ந்தது. தெருக்கோடியில் யாரோ வாளியைக் கீழே வைத்தார்கள். இரண்டு சொல் பிடிக்கும் நேரம்தான். அதற்குள் எதிர்ப்பக்கம், இடக்கோடியில், காலியாக இருந்த இடத்தில், எனக்குக் கேட்டதை நான் எழுதப்போவதில்லை.

பிறகு எல்லாரும் ஒன்றாக அடுத்த வரியை எடுத்தோம்.

முடிந்ததும் டீச்சர் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார். கிறிஸ்மஸ் தாத்தாவுக்குத் தண்ணீர் கொடுத்தார். என்னிடம் வந்தபோது தட்டை எமிலி அக்காவிடம் நீட்டிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துத் தூணோரம் கூட்டிப்போனார்.

"அவன் இல்லன்னு எனக்குத் தெரியும் பிள்ள. தண்ணி வடிஞ்ச அன்னைக்கே தெரியும். கல்லறைத் தோட்டத்துல பேரைக் கேக்கத்தான் அப்ப மனசு வரல."

"அப்ப எதுக்கு டீச்சர் ஸ்டார்..."

"கட்டலன்னா சங்கீதம் வாசிச்சிட்டுப் போயிருவீங்களே. இந்தப் பாட்டு என் வாசலுக்கு வராதே." மணிக்கட்டை இன்னும் விடவில்லை. "நவம்பர் பிறந்ததும் ஜன்னல்ல கேட்டேன். முதல் நாளு, அந்த இடத்துல எல்லாரும் நின்னீங்க பாரு. எனக்கு விளங்கிட்டு. ஊர்ல எல்லாம் அவன் இல்லாமலே நடக்கு. பால்காரன் வாரான், பஸ் வருது, சுவருக்கு வெள்ளை அடிக்கான். அந்த ஒரு இடத்துல மட்டுந்தான் அத்தன பேரும் அவனுக்காவ நிக்கிறீங்க. அது எனக்கு ஒரு தடவை என் வாசல்ல கேக்கணும். பொறவு நீ பாடு, யாரும் பாடுங்க."

தூணில் சாய்ந்துகொண்டேன்.

"நீ மூச்சு எடுத்தது கேட்டுச்சு" என்றார். "அதை வச்சுத்தான அவன் எடுப்பான்? ஒருநா திட்டினேன், மாஸ்டர் கையைப் பாத்துப் பாடுலன்னு. மாஸ்டர் கை எனக்கெதுக்கும்மா, எனக்கு வேற தாளம் இருக்குன்னான்."

மணிக்கட்டை விட்டுவிட்டார். அதற்குள் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அப்பா வாசற்படியில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். விடைபெற வேண்டும். வாரேன் டீச்சர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வாரேன் அத்தை."

அப்பா குனிந்தபடியே நின்றார். எமிலி அக்கா அச்சுமுறுக்கை உடைக்காமல் கையில் பிடித்தபடி வானத்தைப் பார்த்தாள்.

"போயிட்டு வா" என்றார் அவர்.

டிசம்பர் 14, ஞாயிறு

அப்பா எதுவும் கேட்கவில்லை. தேங்காய் துருவினேன்.

டிசம்பர் 18

காலையில் டீச்சர் வாசலில் ஸ்டார் இல்லை. ஆணி மட்டும் இருந்தது.

நினைவு ஆராதனையில், அந்தப் பெயரைத் தானே வாசிப்பதாக டீச்சர் ஐயரிடம் சொல்லியிருந்தார். முறை வந்ததும் முன்னால் போய் நின்று, "ஆசீர்" என்றார். பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும் குரல். அவரிடம் படித்தவர்கள்தான் கோயிலில் பாதிப்பேர். "உள்ளேன் டீச்சர்" என்ற பதிலுக்காக எங்கள் எல்லாருக்கும் காது நிமிர்ந்தது. எங்கள் வகுப்பில் பதில் வராவிட்டால் இரண்டாம் முறை கூப்பிடுவார். இன்று கூப்பிடவில்லை. போய் உட்கார்ந்துகொண்டார்.

மதியம் வீட்டுக்கு வந்து குடையை விரித்துப் பார்த்தேன். ஒரு கம்பி துருப்பிடித்திருக்கிறது. எண்ணெய் போட்டு வைத்தேன்.

டிசம்பர் 20, சனி

கேக் வெந்துவிட்டது. அம்மா இருபத்தெட்டாம் தேதிக்கு என் பச்சைப் புடவைக்கு இஸ்திரி போட்டு வைத்தாள்.

சாயங்காலம் தெருவெல்லாம் ஸ்டார் எரிந்தது, எங்கள் வீட்டைத் தவிர. ஸ்விட்சைப் போட வேண்டியது என் வேலை. நான் போடவில்லை. நேற்றும் போடவில்லை, நேற்று யாரும் கவனிக்கவில்லை.

"ஏன் நம்ம ஸ்டார் எரியல?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"பல்ப் போயிருக்கும்மா."

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். ஸ்டூலைப் போட்டு ஏறி, ஸ்டாரைப் பிரித்து, பல்பைக் கழற்றிக்கொண்டு இறங்கினார். முன்னறை விளக்கு இருக்கும் இடத்தில் அதை மாட்டி ஸ்விட்சைப் போட்டார். எரிந்தது. நன்றாக எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். அழவில்லை, ஆனால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூலையில் கறுப்புக் குடை எண்ணெய் காய விரித்திருந்தது. அப்பா அதையும் பார்த்தார். பிடியில் கத்தியால் கீறிய ‘ஆ’ என்ற எழுத்தைக் குனிந்து பார்த்தார்.

ஸ்விட்சை அணைத்தார். பல்பு ஆறும் வரை நின்று, கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஆமா, ஃபியூஸ் போயிட்டு" என்று அம்மாவுக்குக் குரல் கொடுத்தார். "இந்த வருஷம் இருக்கட்டும்."

பிறகு கைப்பேசியை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். கிணற்றடியில் நின்று பேசுவது அறைக்குள் கேட்டது. சுவர்களுக்கு எங்கள் வீட்டில் ஒரு மரியாதையும் கிடையாது.

"நான் அருமைநாயகம் பேசுதேன்... ஆமாங்க. இருபத்தெட்டாம் தேதி வர வேண்டாம். இல்ல, இல்ல, உங்க மேல ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுல ஒரு துக்கம்... இல்லங்க, இப்ப இல்ல, போன வருஷ வெள்ளத்துல. எங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுது."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். என்ன உறவு என்று கேட்டிருக்க வேண்டும். வாளி ஒன்றை நகர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது.

"மருமகன் முறை" என்றார்.